வார்த்துக் கொண்டுவரும் வீடு சேலத்துக்கு ஒத்துவருமா?

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் இரண்டு அறை வீட்டுக்கு என்ன வாடகை கேட்கிறார்கள் என்பது உங்களுக்கே தெரியும். அங்குள்ள மருத்துவமனைகளிலும் கடைகளிலும் வேலை பார்க்கிறவர்களுக்கு அது கட்டுப்படியாகாது. ஆலையில் பாகம் பாகமாக வார்த்து, மனையில் கொண்டுவந்து பூட்டுகிற ப்ரீகாஸ்ட் வீடு இதற்கு வழிசெய்யுமா என்று பலரும் கேட்கிறார்கள். செய்யும் என்பதே என் பதில். ஆனால் ஒற்றை வீட்டுக்கு அல்ல, ஒரே அமைப்பில் நூற்றுக்கணக்காகக் கட்டும் குடியிருப்புக்குத்தான்.

சென்னை பெரும்பாக்கத்தைப் பாருங்கள். மத்திய அரசின் லைட் ஹவுஸ் வீட்டுத் திட்டத்தில் அங்கே 1,152 வீடுகள் இந்த முறையில் எழுந்தன. 2021 ஜனவரி 1 அன்று அடிக்கல் நாட்டினார்கள்; 2022 மே 26 அன்று திறந்தார்கள். நடுவில் கொரோனா வேறு. வழக்கமான கட்டடத்தில் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, கான்கிரீட் போட்டு, தண்ணீர் விட்டு இறுகும்வரை அடுத்த தளம் காத்திருக்க வேண்டும். இதிலோ இங்கே அஸ்திவாரம் தோண்டும்போதே தூணும் உத்தரமும் படிக்கட்டும் வேறிடத்தில் தயாராகிவிடும். கிரேன் வைத்துத் தூக்கிப் பூட்ட வேண்டியதுதான். அச்சுக்கும் கிரேனுக்கும் ஆகும் செலவு ஆயிரம் வீடுகளில் பரவினால் தெரியாது, ஒரே வீட்டின் தலையில் விழுந்தால் தாங்காது. ஆகவே உங்கள் ஒற்றை மனைக்கு ‘பாதி விலையில் ரெடிமேட் வீடு’ என்று யாராவது வந்தால், கொத்தனாரிடமும் ஒரு மதிப்பீடு வாங்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

பூட்டிய வீடு நிற்குமா என்ற பயம் நியாயமானது. 1968 மே மாதம் லண்டனில் இதேபோல் பலகைகளைப் பூட்டிக் கட்டிய ரோனன் பாயிண்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தில் எரிவாயு வெடித்து, ஒரு மூலை முழுவதும் மேலிருந்து கீழ்வரை சரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள். சுவர்ப் பலகைகளை இணைத்த இடம் பலவீனமாக இருந்ததே அதற்குக் காரணம். அதன்பிறகு பிரிட்டனில் கட்டட விதிகளையே மாற்றினார்கள். இணைப்பு சரியாக இருந்தால் வீடு நிற்கும்; சிங்கப்பூரின் அடுக்குமாடி வீடுகளில் பல இன்று இந்த முறையில்தான் எழுகின்றன. எனவே சுவரைத் தட்டிப் பார்ப்பதைவிட இணைப்புகளை யார் சோதித்தார்கள் என்று கேட்டு, சான்றிதழை வாங்கிப் பாருங்கள். பாரம் தாங்கும் சுவர் எது, வயர் எங்கே ஓடுகிறது என்று காட்டும் வரைபடமும் கையில் இருக்க வேண்டும். பிற்பாடு நினைத்த இடத்தில் உடைத்து ஜன்னல் வைக்க முடியாது. சேலத்து வெயிலுக்கு வெறும் கான்கிரீட் தளம் ஆகாது, மேலே வெப்பத்தடுப்பு கட்டாயம்.

கொத்தனார், சித்தாள் பிழைப்பு போய்விடாதா என்பார்கள். மனையில் வேலை குறையும், மறுக்கவில்லை. ஆனால் வார்ப்பு ஆலை இந்தப் பக்கமே வந்தால் நிழலில், மாதச் சம்பளத்தில், பி.எஃப். பிடித்தத்தோடு வேலை கிடைக்க வாய்ப்புண்டு. அதற்கு வேண்டியதெல்லாம் நம்மிடமே இருக்கிறது. சங்ககிரியில் சிமென்ட், மேட்டூர் அனல்மின் நிலையத்தில் சாம்பல், நாமக்கல்லில் லாரி, திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டி கட்டும் பட்டறைகள் என்று கனரகத் தொழில் தெரிந்த மண் இது. மனைக்குக் கொண்டுவருவதில்தான் கவனம் வேண்டும்: சேலம் செவ்வாய்ப்பேட்டைச் சந்துகளுக்குள் முழு அறையைத் தூக்கிவர முடியாது. தட்டையான பலகைகளாகக் கொண்டுவரலாம்.

இதையெல்லாம்விட எனக்குப் பெரிய கவலை இடம்தான். அதே பெரும்பாக்கத்தில் வேறு அரசுக் குடியிருப்புகளுக்கு அனுப்பப்பட்ட குடிசைவாசிகள் பலர் வீடு கிடைத்தும் வேலைக்குப் போகத் தூரம் என்று அல்லாடினார்கள். எவ்வளவு வேகமாகக் கட்டினாலும் ஊருக்கு வெளியே பொட்டல்காட்டில் கட்டினால் பயனில்லை. ஊருக்குள்ளேயே பழுதாகி இடிக்க வேண்டிய அரசுக் குடியிருப்பு எங்கிருந்தாலும், அந்த நிலத்தில் முதலில் கட்டச் சொல்லுங்கள். உங்கள் வார்டு கூட்டத்தில் இதை எழுத்தில் கொடுத்து, பதிலையும் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள்.