பணித்திட்டமும் வெளியீடும்



கணிப்பொறிக்கு மென்பொருள் எழுதுவோர் தம் வேலையை எவ்வாறு வகுத்துக்கொள்கின்றனர் என்பதைப் பற்றி இன்று சில கூற விரும்புகிறேன். உங்களுள் பலர் நாளை அத்தொழிலுக்குச் செல்வீர்கள். செல்லாதவரும் அதன் பயனை நாள்தோறும் கையில் ஏந்துகின்றீர்கள். புதிய பதிப்பு வந்துள்ளது என்று கைப்பேசி அறிவிக்கிறதன்றோ? அவ்வறிவிப்புக்குப் பின்னால் நிகழ்வதே இன்றைய பொருள்.

முன்னர், மென்பொருளையும் கட்டடம் எழுப்புவது போலவே பலர் செய்துவந்தனர். வேண்டுவன யாவற்றையும் தொடக்கத்திலேயே எழுதி முடித்து, நெடுங்காலம் உழைத்து, இறுதியில் ஒரே நாளில் கொடுப்பர். அதற்குள் கேட்டவருடைய தேவையே மாறிப்போயிருக்கும். இக்குறைக்கு மாற்று நாடிய 17 பேர், 2001ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்திலுள்ள ஸ்னோபேர்டு என்னும் மலையிடத்தில் கூடி ஓர் அறிக்கை வகுத்தனர். 'அஜைல்' என்னும் பெயர் அங்கே நிலைபெற்றது. இயங்கும் மென்பொருளைச் சில வாரங்களுக்கு ஒருமுறையோ, சில மாதங்களுக்கு ஒருமுறையோ கொடுத்துவர வேண்டும் என்பது அவர்தம் கொள்கைகளுள் ஒன்று.

சிறிது சிறிதாகக் கொடுப்பதென்றால், எதை இப்போது கொடுப்பது, எதைப் பின்னர்க் கொடுப்பது என்னும் வினா எழும். நூற்றுக்கணக்கான சிறு வேலைகளை நினைவில் வைத்திருத்தல் எவர்க்கும் இயலாது. ஆதலின் அவற்றைப் பதிந்து வைக்கவே தனி மென்பொருள்கள் தோன்றின. அவற்றுள் ஒன்று ஜிரா. ஆஸ்திரேலியாவின் அட்லாசியன் நிறுவனம் இதனை 2002இல் வெளியிட்டது. காட்சில்லா என்னும் திரைப்படப் பெருவிலங்கின் ஜப்பானியப் பெயராகிய 'கோஜிரா'வின் முதலெழுத்தை நீக்கி வைத்த பெயர் இது. பதிவேட்டுக்கு இப்படியும் ஒரு பெயர்!

ஒரு கல்லூரி நூலகத்திற்கு மென்பொருள் செய்வதாகக் கொள்வோம். அந்நூலக வேலை முழுவதும் ஒரு பணித்திட்டம். ஜிராவில் நெடுங்காலம் இதனைப் 'புராஜெக்ட்' என்றே வழங்கினர். அதற்குள் ஒவ்வொரு சிறு வேலைக்கும் ஓர் எண் உண்டு. தொழிலில் உள்ளோர் அதனை 'டிக்கெட்' என்பர். நூல் வழங்குதல் ஒன்று, திரும்பப் பெறுதல் ஒன்று, காலங்கடந்தால் தண்டத்தொகை கணக்கிடுதல் ஒன்று. இவற்றுள் எவை ஜூலையில் நூலகர் கைக்குச் செல்லும், எவை அக்டோபரில் செல்லும் என்று குறிப்பதே வெளியீடு.

புதியவர் பலர் ஒவ்வொரு வெளியீட்டிற்கும் ஒரு புதிய பணித்திட்டம் தொடங்கிவிடுகின்றனர். இது நன்றன்று. நூலகம் உள்ளளவும் பணித்திட்டம் நிற்கும். வெளியீடோ வந்து போவது. வகுப்பறை நிற்க, ஆண்டுதோறும் மாணவர் தேறிச் செல்வது போல என்று கொள்ளலாம். தேர்வுதோறும் புதுப் பள்ளி கட்டினால், சென்ற ஆண்டின் குறிப்பேடு எங்கே இருக்கிறதென்று யார் தேடுவது?

'ஸ்பிரிண்ட்' என்பதையும் வெளியீட்டோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கின்றனர். ஸ்பிரிண்ட் என்பது பணியாளர் தமக்கென வரையறுத்துக்கொள்ளும் ஒரு சிறு காலம். பெரும்பாலும் இரண்டு வாரம். வெளியீடு என்பது பயன்படுத்துவோர்க்குக் கொடுக்கும் வாக்கு. இரண்டு மூன்று ஸ்பிரிண்டுகளின் வேலை ஒரே வெளியீட்டில் அடங்குவதும் உண்டு.

இனி, வெளியீட்டு நாளுக்கு வருவோம். தண்டத்தொகைப் பகுதி முடியவில்லை, நாளோ வந்துவிட்டது. வெளியிட்டதாகக் குறிக்க முயன்றால் ஜிரா ஒரு கேள்வி கேட்கும்: முடியாத வேலை இத்தனை உள்ளது, அதனை அடுத்த வெளியீட்டிற்கு மாற்றுவதா, அன்றி அப்படியே விட்டுவிடுவதா? ஒரு நொடியில் விடை சொல்லிவிடலாம். ஆனால் அப்படியே விட்டுவிட்டால், ஜூலை வெளியீட்டில் தண்டத்தொகையும் அடக்கம் என்று பட்டியல் கூறும். நூலகரின் மேசைக்கு முன் மாணவன் வந்து நிற்பான். அவர் திரையில் தேடுவார், கிடைக்காது. பகுதி இல்லையென்று அவர் முறையிட்டால், கொடுத்தாயிற்றே என்று பதிவேட்டைக் காட்டுவர். மேசைக்கு அப்பால் இருப்பவர் சொல்லைவிடப் பதிவேட்டின் சொல்லே பல இடங்களில் செல்லும் என்பதை என் பணிக்காலத்தில் நெடுகக் கண்டிருக்கிறேன்.

எனவே மாற்றுவதே முறை; மாற்றியதை நூலகருக்கு அன்றே கூறுவதும் முறை. இதில் நாணுதற்கு ஒன்றுமில்லை. ஆனால் ஒரே வேலை மூன்று வெளியீடுகள் தள்ளிக்கொண்டே போனால், அது வேண்டாத வேலையாக இருத்தல் வேண்டும்; அன்றேல், எவரும் பிரித்துப் பார்க்கத் துணியாத பெருவேலையாக இருத்தல் வேண்டும். முன்னதை நீக்கிவிடலாம். பின்னதைச் சிறு சிறு டிக்கெட்டுகளாக உடைத்தால், அவற்றுள் ஒன்றேனும் அடுத்த நாளுக்குள் முடியும்.

வேலையைத் தள்ளாமல் நாளைத் தள்ளினால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். உபுண்டு என்னும் இயங்குதளத்தை உருவாக்குவோர் இதற்கு ஒரு நெறி வைத்துள்ளனர். 2004 அக்டோபரில் அதன் முதற்பதிப்பு வந்தது, எண் 4.10, அதாவது ஆண்டும் திங்களும். அதுமுதல் ஏப்ரலில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என்பது வழக்கம். முடியாத பகுதி அடுத்த பதிப்புக்குக் காத்திருக்கும்; பதிப்பு பகுதிக்காகக் காத்திராது. 2006இல் மட்டும், நெடுங்காலம் பேணப்படவேண்டிய பதிப்பு ஆதலின், மேலும் செப்பம் செய்ய எண்ணி ஆறு வாரம் தள்ளினர். ஏப்ரலில் 6.04 ஆக வரவேண்டியது ஜூனில் 6.06 ஆக வந்தது. தாமதத்தை எண்ணிலேயே எவரும் காணலாம். அதற்கடுத்த பதிப்போ, அதே ஆண்டு அக்டோபரில், உரிய காலத்திலேயே 6.10 என்னும் எண்ணோடு வெளிவந்தது.