கூத்துக்கு யார் காசு கொடுப்பது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் கமிட்டி உறுப்பினர்களும் கலந்துகொண்ட வட்டாரக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், வீடு, காணி என்று பேச வேண்டிய கூட்டத்தில் கூத்தைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. முன்வரிசையில் ஓர் ஐயா சிரிக்கிறார். சிரிக்கட்டும். சம்பள விஷயத்தைச் செயலாளர் காலையிலேயே விளக்கிவிட்டார். இப்போது நாங்கள் பேசப்போவதும் காசு விஷயந்தான்.

மாசி மாதம் அமாவாசை கழிந்து மூன்றாம் பிறை பார்த்துக் காமன் கம்பம் ஊன்றுகிறோம். அன்றிலிருந்து தகனம் நடக்கும் ராத்திரி வரைக்கும் எங்கள் லயங்களில் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. ரதியும் மதனும் வீடு வீடாக வருவார்கள். தூதன் வருவான், வீரபத்திரன் வருவான், எமன் வந்து சின்னப் பிள்ளைகளை அழ வைப்பான். விடிய விடிய ஆடிவிட்டுக் காலையில் பிரட்டுக்குப் போகிறவர்கள் நம்மவர்கள். சிவனாக நின்றவர் பகலில் ஸ்டோரில் கொழுந்து வாட்டுகிறார். ரதி வேஷம் கட்டிய தம்பி கவ்வாத்து வெட்டப் போகிறான். கண்ணயர்ந்து பின்தங்கினால் அரைப்பேர்தான். கூத்து ஆடினேன் என்று கணக்கப்பிள்ளையிடம் சொல்லிப் பெயர் வாங்க முடியுமா?

எங்கள் தோட்டத்தில் இந்தக் கணக்கை ஒரு அப்பியாசக் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். தப்புக்காரருக்கு இவ்வளவு, ஸ்பீக்கர் வாடகை இவ்வளவு, சேலை, ஜிகினா, முகப்பவுடர், தேயிலைக்குச் சீனி இவ்வளவு என்று. கடந்த முறை குடும்பத்துக்கு 1000 ரூபா விழுந்தது. மலையில் ஒரு நாள் நின்று எடுக்கும் பெயரில் பெரும்பகுதி அது. ஏலாதவர்கள் இரண்டு தவணையாகக் கொடுத்தார்கள். கொப்பியின் வரவுப் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தால் எல்லாம் லயத்துப் பெயர்தான். அரசாங்கம் என்று ஒரு வரி இல்லை. பிரதேச சபை என்று ஒரு வரி இல்லை. கம்பனியின் பெயர் ஒரே ஒரு இடத்தில் வருகிறது: கம்பம் வெட்ட மரம் கொடுத்ததற்கு. அதுவும் பட்ட மரம்.

நாட்டில் கலைக்கென்று காசே இல்லையா? இருக்கிறது. 1952 இலேயே கலைக்கழகத்துக்கு ஒரு சட்டம் வந்துவிட்டது. கலாசார அலுவல்கள் திணைக்களம் இருக்கிறது. இந்து சமய கலாசார அலுவல்கள் திணைக்களம் இருக்கிறது. பிரதேச செயலகங்களில் கலாசார உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். கொழும்பில் தாமரைத் தடாகம் அரங்கு இருக்கிறது. சீனாவின் உதவியோடு கட்டி 2011 டிசம்பரில் திறந்தார்கள். ஆயிரத்துக்கு மேல் ஆசனம், குளிரூட்டி, சுழலும் வெளிச்சம். அந்த அரங்கு வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆண்டுக்கு 100 கோடி டொலருக்கு மேல் தேயிலையால் சம்பாதிக்கும் நாட்டில், அந்தத் தேயிலையைப் பறிக்கிறவர்களின் கூத்துக்கு மழைக்கு ஒதுங்க ஒரு தகரக் கூரைகூட இல்லையே என்றுதான் கேட்கிறோம்.

அரசின் மேசையில் ஓர் ஆள் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் கண்முன்னே ஓர் உதாரணம் உண்டு. பேராசிரியர் சு. வித்தியானந்தன் கலைக்கழகத்தின் தமிழ் நாடகக் குழுவுக்குத் தலைவராக இருந்தார். மட்டக்களப்பிலும் யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் கூத்து அழிந்துபோகும் நிலையில் இருந்த காலம் அது. அவர் பழைய அண்ணாவிமாரைத் தேடிப் போய்க் கௌரவித்தார். கூத்துப் பிரதிகளை அச்சில் கொண்டுவந்தார். பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்து 1962 இல் கர்ணன் போர், 1964 இல் இராவணேசன் என்று மேடையேற்றினார். படியாதவன் ஆட்டம் என்று கேலி செய்த படித்தவர்களே கைதட்டினார்கள். பெரிய காசொன்றும் அதற்குப் போகவில்லை. ஒரு குழு, ஒரு தலைவர், கொஞ்சப் பணம், மேலே ஓர் அரச முத்திரை. அவ்வளவுதான்.

பேராதனை எங்கே இருக்கிறது? நம் மலையின் அடிவாரத்தில். அங்கிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் புசல்லாவைத் தோட்டங்கள். ஆனாலும் அந்த வெளிச்சம் காமன் பொட்டல் வரைக்கும் அந்த அளவுக்கு வரவில்லை. காரணம் லேசானது. 1947 பாராளுமன்றத்தில் நமக்கு உறுப்பினர்கள் இருந்தார்கள். தலவாக்கலையிலிருந்து போன ஸி.வி. வேலுப்பிள்ளை அவர்களில் ஒருவர். 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு நம் பாட்டன்மாருக்கு வாக்கு இல்லை. வாக்கு இல்லாதவனுடைய கூத்தை எந்த அமைச்சர் பார்க்க வருவார்? அதே ஸி.வி.தான் லயம் லயமாகப் போய் நம் பாட்டிமார் பாடிய பாடல்களைச் சேர்த்தார். 1983 இல் அந்தப் புத்தகம் வந்தபோது அதை அச்சிட்டது சென்னையில் ஒரு பதிப்பகம்.

இன்னொன்றும் பலருக்குத் தெரியாது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தில் 33 ஆம் பிரிவு என்று ஒன்று இருந்தது. தோட்டம் தனியார் நிலம், சபையின் காசை அங்கே செலவழிக்க வழியில்லை என்று அதைக் காட்டியே நம்மைத் திருப்பி அனுப்பினார்கள். நாம் வாக்குப் போட்டுத் தெரிவு செய்த உறுப்பினர் நம் லயத்துக்கு ஒரு மின்குமிழ்கூடப் போட முடியாமல் நின்றார். பல சங்கங்கள் சேர்ந்து கத்திக் கத்தித்தான் 2018 இல் அந்தச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன் பிறகு தோட்டத்துக்குள் சபை செலவழிக்கலாம். ரோட்டுக்குக் கேட்கிறோம், சரி. லைட்டுக்குக் கேட்கிறோம், சரி. கூத்துக்கு யாராவது கேட்டோமா? எங்கள் வட்டாரத்தில் ஒரு கடிதம்கூட இதுவரை போகவில்லை. அதற்கு அரசாங்கத்தைக் குறை சொல்ல முடியாது.

எங்கள் தோட்டத்து வாத்தியார் ஐயாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாடசாலை வாத்தியார் அல்ல, கூத்து வாத்தியார். எழுபது தாண்டியவர். முழுக் காமன் கூத்தும் அவர் தலைக்குள் இருக்கிறது. கொப்பி கிடையாது. அறுபது வயதைக் கடந்த கலைஞர்களுக்கு அரசு கலாபூஷண விருது கொடுக்கிறது, கூடவே கொஞ்சப் பணமும் உண்டு என்று கேள்விப்பட்டு அவரை ஓர் அலுவலகத்துக்குக் கூட்டிக்கொண்டு போனோம். சான்றிதழ் இருக்கிறதா என்று கேட்டார்கள். இல்லை. பத்திரிகையில் வந்த நறுக்கு? இல்லை. பதிவு செய்த மன்றம்? இல்லை. நிகழ்ச்சியின் அழைப்பிதழ்? காமன் கூத்துக்கு யார் அழைப்பிதழ் அடித்தார்கள், தப்புச் சத்தந்தானே அழைப்பு! ஐயா கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, "பாடிக் காட்டட்டுமா தம்பி?" என்று அந்த உத்தியோகத்தரைக் கேட்டார். அவர் நல்ல பிள்ளைதான், தலையைக் குனிந்துகொண்டு, படிவத்தில் அதற்கு இடமில்லை என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது ஐயா ஒன்றும் பேசவில்லை. அந்த நாள் கொழுந்துப் பெயரும் போய்விட்டது என்று அவர் மகள்தான் சொன்னாள். அவளும் கூட வந்திருந்தாள்.

படிவம் நிரப்பத் தெரிந்த இடத்தில் காரியம் நடக்கிறது. தெற்கே அம்பலாங்கொடைப் பக்கத்து நூல் பொம்மலாட்டம் 2018 இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. ஒருசில குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த கலை அது, நம் கூத்தைப் போலவே. அதற்காக அரசாங்கம் ஆவணம் தயாரித்தது, படம் எடுத்தது, விண்ணப்பித்தது. நமக்கு அதில் பொறாமை இல்லை. அந்த வேலையை நமக்கும் செய்து தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.

இனி நம் வீட்டுக்குள் இருக்கும் விஷயம். இதைச் சொல்லும்போது சிலருக்குக் கோபம் வரும். துரைமார் காலத்தில் விடியற்காலையில் தப்படித்துத்தான் நம்மைப் பிரட்டுக்கு எழுப்பினார்கள். சாவுக்கும் தப்பு, திருவிழாவுக்கும் தப்பு. தப்பு இல்லாமல் காமன் அசைய மாட்டான். ஆனால் தப்படிக்கிறவரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்துகிறோம். தேயிலைத் தண்ணியை வேறு கோப்பையில் கொடுத்த காலம் எல்லாத் தோட்டத்திலும் முடிந்துவிட்டது என்று இங்கே யாராவது நெஞ்சில் கைவைத்துச் சொல்லட்டும். அவருடைய மகன் எங்கள் வகுப்பில் இருந்தான். மேசையில் விரலால் தட்டினால் வகுப்பே ஆடும். பாடசாலை விழாவுக்குத் தப்பு கொண்டுவா என்றோம். மறுநாள் பாடசாலைக்கே வரவில்லை. அவன் பயந்தது எங்களுக்கு அல்ல, மற்றப் பிள்ளைகளின் வாய்க்கு. கேட்ட விதம் எங்கள் பிழை. இப்போது கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். அரசு நாளைக்கே ஒரு லட்சம் கொடுத்தாலும் தப்பை எடுக்க ஆள் வேண்டுமே. தப்பைத் தொடுவது சாதிக்கு இழுக்கு என்று நினைக்கிற கமிட்டித் தலைவர் கலைக்கு நிதி கேட்டு மகஜர் கொடுத்தால் அதை நாங்களே நம்ப மாட்டோம்.

பாடசாலையைப் பற்றியும் ஒரு சொல். அழகியல் பாடத்தில் சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்று இருக்கிறது. நம் பக்கத்துப் பல பாடசாலைகளில் இவற்றுக்கு ஆசிரியர் இல்லை, இருந்தாலும் சித்திரத்தோடு சரி. நடனம் என்றால் பரதம். பரதம் படிக்கட்டும், நல்லதுதான். நாடகப் பாடத்துக்கு ஆசிரியர் வரும்வரை வாத்தியார் ஐயாவை வாரத்துக்கு ஒரு நாள் பாடசாலைக்கு அழைத்து, அவருக்கு ஒரு நாள் பெயரின் அளவாவது கொடுக்க வழி செய்யலாம் அல்லவா? வலயக் கல்விக் காரியாலயத்திடம் இதைக் கேட்டு எழுதப்போகிறோம்.

வயிற்றுக்கே இல்லாதபோது கூத்து எதற்கு என்று அந்த ஐயா இன்னும் சிரிக்கிறார். ஐயா, வயிற்றுக்கு இல்லாதவர்கள்தான் நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக இந்தக் கூத்துக்குக் காசு கொடுத்து வந்திருக்கிறார்கள். இனியும் அவர்கள் மட்டுந்தான் கொடுக்க வேண்டுமா என்பதே கேள்வி. கோ. நடேசய்யர் தொழிற்சங்கம் கட்டிய காலத்தில் கூட்டங்களில் மீனாட்சி அம்மையார் எழுந்து நின்று பாடினார். அந்தப் பாட்டைக் கேட்க வந்தவர்களும் அங்கத்தவர்கள் ஆனார்கள். நம் சங்கம் பாட்டை மறந்து எத்தனை வருஷம் ஆகிறது என்று காரியாலயத்தில் இருக்கிறவர்களும் யோசிக்கட்டும்.

பிரதேச சபையின் அடுத்த வருஷ வரவு செலவுத் திட்டம் வருஷக் கடைசியில் சபைக்கு வரும். அதற்கு முன்னே ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் தவிசாளருக்கு ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். காமன் பொட்டலுக்கு ஒரு கூரை, மாசி மாதத்துக்கு ஒரு சிறு தொகை, எவ்வளவு என்று எழுதிக் கேளுங்கள். "ஆவன செய்யவும்" என்று மட்டும் எழுதினால் ஆவன ஒன்றும் நடக்காது. கூடவே கூத்துக் கொப்பியின் கணக்கைப் பிரதி எடுத்து இணையுங்கள். நாம் எவ்வளவு போடுகிறோம் என்று அவர்களும் பார்க்கட்டும். கலாமன்றம் ஒன்றைப் பதிவு செய்யுங்கள். அதன் நிர்வாகத்தில் தப்புக்காரர் ஒருவர் இருக்க வேண்டும், பொருளாளராக இருந்தால் இன்னும் நல்லது. படித்த பிள்ளைகள் கைத்தொலைபேசியில் வயதானவர்களின் பாட்டைப் பதியட்டும். பாடியவர் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் திகதியையும் மறக்காமல் சொல்லிப் பதியுங்கள்.

வாத்தியார் ஐயாவின் பாட்டைப் பதியத் தொடங்கிவிட்டோம். மூன்று ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறது, இன்னும் தகனம் வரவில்லை. இருமல் வந்தால் நிறுத்திவிடுகிறார். கடிதத்தின் மாதிரியும் மன்றப் பதிவுப் படிவமும் பின் மேசையில் இருக்கின்றன. தோட்டத்துக்கு ஒன்று எடுங்கள். நிரப்பத் தெரியாவிட்டால் இப்போதே உட்காருங்கள், கடைசி பஸ்ஸுக்கு இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருக்கிறது.