தகர டின்னில் ஒரு பூந்தோட்டம்



நம் ஜொகூர்த் தோட்டத்து லயங்களில் பூச்செடி வைக்க இடம் ஏதுன்னு கேட்பீர்கள். சுவர் இருக்கிறதே!

காலி மைலோ டின்களை வீட்டுக்குப் பின்னால் வீசுகிறோம், மழைநீர் தேங்குகிறது. அப்படித்தான் என் வகுப்புப் பிள்ளையொன்று டிங்கிக் காய்ச்சலில் படுத்தது. ஏடிஸ் முட்டை சுமார் பத்தே நாளில் கொசுவாகிவிடும். கொசு வளர இடங்கொடுப்பது 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றமுங்கூட.

அதே டின்னின் அடியில் ஆணியால் நாலு ஓட்டை போடுங்கள். மண்ணும் மக்கிய சாணமும் நிரப்பி, பலகையில் மேலும் கீழுமாகக் கம்பியால் கட்டுங்கள். மேல்வரிசையில் பட்டுரோஜா, வடிகிற தண்ணீர் கீழ்வரிசைக் காசித்தும்பைக்கு. ஓட்டை அடைத்துக்கொண்டால் உடனே குத்திவிடுங்கள், மறந்துடாதீங்க!

கொசு பிறந்த டின்னில் இனிப் பூ மலரட்டும்.