செம்மண் சடக்கும் நம் உயிரும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



விடியுமுன் பெரட்டுக்குப் புறப்படும் நமக்கு முதல் எதிரி இந்தச் செம்மண் சடக்குதான். வெயிலில் புழுதி, மழையில் வழுக்கல். லோரி அரைத்த பள்ளத்தில் மோட்டார் சைக்கிள் சக்கரம் சிக்கினால் பால் வாளியோடு ஆளும் விழுகிறோம்.

"மெதுவாகப் போங்கள்" என்கிறார்கள். போகிறோம். ஆனால், தோட்டத்துச் சடக்கைச் செப்பனிடுவது நிர்வாகத்தின் கடமையல்லவா? ஓரத்தில் வாய்க்கால் வெட்டட்டும். பள்ளத்தில் கல் கொட்டட்டும்!

வீட்டிலிருந்து வேலைக்குப் போகும்போதும் திரும்பும்போதும் நேரும் விபத்துக்கு, 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி சொக்சோ இழப்பீடு கேட்கலாம். இடையில் சொந்த வேலையாக வழி மாறினால் அந்த உரிமை போய்விடும். ஆகவே, விழுந்தால் மறைக்காதீர்கள். அன்றே ஆபீசில் சொல்லுங்கள். மருத்துவச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். கிராணிமாராகிய நாமும் அதை அன்றே எழுதிவைப்போம்.

ஏட்டில் ஏறாத விபத்துக்கு நியாயம் கேட்க முடியாது!