யார் சொன்னதை நம்பிச் சமைப்பது?



ஆனைகட்டி இரண்டு மாநிலம் கூடும் ஊர். ஒரு பக்கம் கோயம்புத்தூர் மாவட்டம். மறு பக்கம் கேரளத்தின் அட்டப்பாடி. இந்தப் பக்கத்து அங்கன்வாடியில் சத்துமாவு கொடுக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் அமிர்தம் பொடி கொடுக்கிறார்கள். இதற்கு நடுவே கடைக்காரர் ஒன்று சொல்கிறார். டிவி ஒன்று சொல்கிறது. செல்போனில் வாட்ஸ்அப் பத்து சொல்கிறது. பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? யார் பேச்சை நம்புவது?

இது சின்னக் கேள்வி இல்லை. 2013-ஆம் ஆண்டு அட்டப்பாடி ஊர்களில் பச்சிளங் குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தன. செய்தி நாடு முழுவதும் பரவியது. டாக்டர்கள் வந்தார்கள். அதிகாரிகள் வந்தார்கள். விசாரித்தபோது தெரிந்தது என்ன? இறந்த குழந்தைகளில் பல, எடை குறைந்து பிறந்தவை. தாய்மார்கள் பலருக்கு ரத்தசோகை. அவர்கள் கர்ப்ப காலத்தில் போதுமான சாப்பாடு சாப்பிடவில்லை.

முன்பு அப்படி இல்லை. இருளர், முடுகர், குறும்பர் மக்கள் ஒரே காட்டில் ராகி, சாமை, தினை, துவரை, அவரை, கீரை எல்லாம் கலந்து விதைத்தார்கள். ஒன்று பொய்த்தால் இன்னொன்று கைகொடுத்தது. பிறகு நிலம் கைமாறிப் போயிற்று. வனத்துக்குள் போய்க் கிழங்கு தோண்டுவதும் குறைந்தது. ரேஷன் அரிசி வந்தது. அரிசி வயிற்றை நிரப்பியது, உண்மைதான். ஆனால் களியும் பருப்பும் கீரையும் இருந்த தட்டில் சோறு மட்டும் மிஞ்சியது. இதில் தாய்மார்கள் மேல் குற்றம் சொல்வது நியாயம் இல்லை.

அரிசிக்கும் ராகிக்கும் அப்படி என்ன வித்தியாசம்? ஹைதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் இருக்கிறது. உணவுப் பொருள்களைச் சோதித்து, எதில் எவ்வளவு சத்து என்று அட்டவணை போடுவது அதன் வேலைகளில் ஒன்று. 2017-இல் வந்த அட்டவணைப்படி, 100 கிராம் ராகியில் சுண்ணாம்புச் சத்து சுமார் 364 மில்லிகிராம். தீட்டிய அரிசியில் அது 10 மில்லிகிராம்கூட இல்லை.

இந்த நிறுவனம் பிறந்த இடம் தூரத்தில் இல்லை. ஆனைகட்டிக்கு வடக்கே உள்ள நீலகிரியில், குன்னூரில், 1918-இல் தொடங்கியது. மெக்காரிசன் என்ற வெள்ளைக்கார டாக்டர் அங்கே எலிகளை வளர்த்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களின் சாப்பாட்டையும் ஒவ்வொரு கூட்டம் எலிக்குக் கொடுத்தார். கோதுமை ரொட்டி, பால், பருப்பு, காய்கறி என்று பஞ்சாபிச் சாப்பாடு தின்ற எலிகள் நன்றாக வளர்ந்தன. பெரும்பாலும் அரிசியே தின்ற எலிகள் மெலிந்தன. 1958-இல் நிறுவனம் ஹைதராபாத்துக்குப் போய்விட்டது.

சோதித்துப் பார்த்துச் சொன்னவர் யார், சும்மா சொன்னவர் யார் என்று பிரித்துப் பார்க்க வேண்டும். சொல்பவருக்கு அதில் லாபம் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

கடையில் தொங்கும் சத்துப் பான பாக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். குடித்தால் பிள்ளை வளரும் என்று விளம்பரம். 2024 ஏப்ரலில் மத்திய அரசு, இணையத்தில் விற்கும் கம்பெனிகளுக்கு ஓர் அறிவுரை அனுப்பியது. 'ஹெல்த் டிரிங்க்' என்று உணவுச் சட்டத்தில் ஒரு வகையே கிடையாது, அந்தத் தலைப்பில் பானங்களை வைக்காதீர்கள் என்றது. பாக்கெட்டின் பின்பக்கம் பாருங்கள். அதிகம் சேர்த்த பொருளை முதலிலும், குறைவாகச் சேர்த்ததைக் கடைசியிலும் எழுத வேண்டும் என்பது விதி. சர்க்கரை இரண்டாவது இடத்தில் இருந்தால் புரிந்துகொள்ளலாம். என்ன, அதை இங்கிலீஷிலோ இந்தியிலோ எழுதினால் போதும் என்றும் விதி இருக்கிறது! தமிழ் படிக்கக் கற்றவருக்கு இது அநியாயம்தான். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். அதில் உள்ள 14 இலக்க லைசென்ஸ் எண், தயாரித்தவர் அனுமதி பெற்றவர் என்று மட்டுமே சொல்லும். சத்து உள்ளது என்று சொல்லாது.

கைக்குழந்தைக்கான பால்பவுடருக்கு விளம்பரமே கூடாது என்று 1992-லேயே சட்டம் வந்தது. டப்பாவின் மேல் கொழுகொழு குழந்தைப் படம் போடவும் கூடாது.

அப்படியானால் பாட்டி சொல்வதெல்லாம் சரியா? அதுவும் இல்லை. பிள்ளை பிறந்ததும் வரும் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டச் சொல்லும் பாட்டிகள் உண்டு. அது குழந்தைக்கு நோய் எதிர்ப்புச் சக்தி தரும் பால். ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. 'கர்ப்பிணி நிறையச் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துப் பிரசவம் கஷ்டமாகும்' என்பதும் தவறு. குறைத்துச் சாப்பிட்டால் எடை குறைந்த பிள்ளைதான் பிறக்கும்.

ராகி குடித்தால் ரத்தம் ஊறும் என்பார்கள். இது பாதி உண்மை. ராகியில் எலும்புக்குச் சத்து நிறைய. இரும்புச் சத்து சுமார்தான். அதிலும் உடம்பில் சேருவது கொஞ்சம். களியோடு கீரையும் பருப்பும் வேண்டும். முடிந்தபோது முட்டை, மீன், கறி வேண்டும். மலையில் காய்க்கும் நெல்லிக்காயைக் கடித்துக்கொண்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் சேராது. சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் டீ வேண்டாம்.

இங்கே இன்னொரு விஷயம். இந்த மலைகளில் சிலருக்கு அரிவாள் செல் ரத்தசோகை உண்டு. அது சாப்பாட்டுக் குறையால் வருவது இல்லை. பெற்றோர் வழியாக வருவது. அவர்கள் இரும்புச் சத்து மாத்திரை சாப்பிடலாமா என்பதை ரத்தத்தைச் சோதித்து டாக்டர்தான் சொல்ல வேண்டும். மற்றவர்களும் அங்கன்வாடியில் கொடுத்த மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. ஊருக்கெல்லாம் சரியான யோசனை ஒரு வீட்டுக்குச் சரிப்படாமல் போகலாம்.

2013-க்குப் பிறகு அட்டப்பாடியில் என்ன செய்தார்கள்? குடும்பஸ்ரீ பெண்கள் ஊர் ஊராகச் சமூக அடுக்களை தொடங்கினார்கள். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் முதியவர்களும் அங்கே சாப்பிட்டார்கள். பேச்சைவிட அந்தச் சூடான சாப்பாடு அதிகம் சொல்லிக்கொடுத்தது. 2017-இல் சிறுதானிய கிராமத் திட்டம் வந்தது. ராகியும் சாமையும் மறுபடி காட்டுக்கு வந்தன. 2022-இல் அட்டப்பாடித் துவரைக்கும், ஆட்டுக்கொம்பு அவரைக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆட்டின் கொம்பு போல வளைந்திருக்கும் அந்த அவரை, பலருடைய வேலியிலேயே படர்ந்து கிடக்கிறது.

பிள்ளை சரியாக வளர்கிறதா என்று அறிய அக்கம்பக்கத்துப் பேச்சு வேண்டாம். அங்கன்வாடித் தராசு போதும். தமிழ்நாட்டுப் பக்கமும் கேரளத்துப் பக்கமும் தராசு ஒன்றுதான். எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாகக் குறிப்பார்கள். பச்சையில் இருந்தால் சரி. மஞ்சளில் இறங்கினால் கவனம். ஆரஞ்சுக்குப் போனால் அன்றே டாக்டரிடம் காட்ட வேண்டும். பச்சையிலேயே இருந்தாலும், இரண்டு மாதமாக எடை ஏறவில்லை என்றால் அங்கன்வாடி டீச்சரிடம் ஏன் என்று கேளுங்கள். அட்டையை வாங்கி நீங்களே வாசித்துப் பாருங்கள். அதில் பெரும்பாலும் எண்கள்தான். எந்த மொழிக்காரருக்கும் புரியும்.