பூனைக் கீறலும் அலட்சியம் செய்யத்தக்கதன்று

காரும் பிசானமும் விளையும் தாமிரபரணிக் கரையில் நெற்குதிர் உள்ள வீட்டைப் பூனை நாடுவது இயல்பு. எலியை ஒழிப்பதால் அது குடியானவனுக்கு உபகாரியே. ஆயினும் ஊர் சுற்றும் பூனையால் மனிதருக்குத் தொற்றும் வியாதிகளும் உண்டு.

அவற்றுள் கொடியது வெறிநோய். வெறிநாய் கடித்த பூனைக்கும் அந்நோய் உண்டாகும். அதன் உமிழ்நீரால் கடிபட்டவருக்கும் கீறப்பட்டவருக்கும் பரவும். நாய்க்கடிக்கு அஞ்சுவோரும் பூனைக் கீறலுக்கு மஞ்சளோ சுண்ணாம்போ தடவி வாளாவிருப்பது பெரும்பிழை. நோய்க்குறி தோன்றியபின் பிழைத்தவர் மிக அரியர்.

ஆகையால் காயத்தை உடனே சோப்பிட்டு, ஓடும் நீரில் கால் மணி நேரம் கழுவி, அன்றே வைத்தியரிடம் செல்க. 1885-ல் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் மனிதருக்கு முதலில் இட்ட தடுப்பூசி, 1907-ல் குன்னூரில் அமைந்த பாஸ்டர் ஸ்தாபனத்தால் தென்னாட்டாருக்குக் கிட்டிற்று. அக்காலத்தில் அதற்காக மலையேற வேண்டியிருந்தது. இன்றோ அரசாங்க ஆஸ்பத்திரிகளில் இனாமாகவே இடுகின்றனர். சொன்ன நாட்களில் எல்லா ஊசிகளையும் தவறாது இட்டுக்கொள்ளல் வேண்டும்.

கர்ப்பிணிகள் பூனை மலம் கலந்த மண்ணை வெறுங்கையால் அளையலாகாது. அதிலுள்ள நுண்ணுயிர் கருவிலுள்ள சிசுவைத் தாக்கக்கூடும்.

பூனையை அடித்துத் துரத்த வேண்டுவதில்லை. அதன் கீறலை அற்பமென்று எண்ணாதிருத்தலே உயிர் காக்கும் வழி.