சமயங்களின் பெயர்கள்

நுவரெலியாவிலிருந்து உடப்புசல்லாவைக்குச் செல்லும் சாலையில், தேயிலைக் குன்றுகளின் நடுவே அமைந்துள்ள சிற்றூர் கந்தப்பளை. அவ்வூரைத் தன்னகத்தே கொண்ட நுவரெலியா மாவட்டத்தில் பௌத்தர், இந்துக்கள், முஸ்லிம்கள், கிறிஸ்தவர் ஆகிய நாற்சமயத்தாரும் அடுத்தடுத்து வாழ்கின்றனர். இப்பெயர்களை ஆராயின் ஓர் உண்மை புலப்படும். சில பெயர்கள் சமயத்தின் உட்பொருளை உரைப்பன. சில, புறத்தோர் இட்டு வழங்கியவை.

புத்தர் என்னுஞ் சொல்லுக்கு விழிப்புற்றவர் என்பது பொருள். அறியாமையினின்று விழித்தெழுதலே பௌத்தத்தின் குறிக்கோள் ஆதலின், ஆங்குப் பெயரே கொள்கையாகின்றது.

கிறிஸ்து என்பதன் பொருள் திருப்பொழிவு பெற்றவர் என்பதாம். அவருடைய சீடர்கள் முதன்முதல் அந்தியோகியா நகரிலேயே கிறிஸ்தவர் எனப்பட்டனர் என்று விவிலியம் கூறும். தாம் வழிபடும் பெருமானின் பெயரையே அவர்கள் தாங்கி நிற்கின்றனர்.

இவ்வளவுகோலைக் கொண்டே ஐரோப்பியர் முஸ்லிம்களை நெடுங்காலம் 'முகம்மதியர்' என எழுதினர். ஈது பொருந்துமோ? முகம்மது நபியை முஸ்லிம்கள் இறைவனின் தூதராகப் போற்றுவரேயன்றி வணங்குவதில்லை. இஸ்லாம் என்பதன் பொருளே இறைவனுக்கு அடிபணிதல் என்பது. ஆகவே, பிறர் இட்ட பெயர் அவர்தம் அடிப்படைக் கொள்கைக்கே மாறாயிற்று.

'இந்து' என்பதோ சிந்து நதியின் பெயரைப் பாரசீகர் ஒலித்த முறையிற் பிறந்தது. அது நிலத்தைச் சுட்டுமேயன்றித் தெய்வத்தையோ கொள்கையையோ சுட்டாது. சிவனை முதற்பொருளாகக் கொண்ட யாழ்ப்பாணத்தார் தம்மைச் சைவர் என்றே கூறிவந்தனர்.

தோட்டத் தொழிலாளரின் நம்பிக்கையை அறிய விரும்புவோர், அவர்கள் கும்பிடும் தெய்வங்களின் பெயர்களைக் கேட்டல் வேண்டும். மாரி என்றால் மழை. மழையின்றேல் கொழுந்தில்லை; கொழுந்தின்றேல் கூலியில்லை. அம்மை நோய் பரவிய காலத்தும் மாரியம்மனையே அவர்கள் சரணடைந்தனர். தேயிலைத் தொழிற்சாலையின் சக்கரத்தைத் தோட்டத்தார் ரோதை என்பர். அதனருகே உழைப்போரைக் காக்கும் தெய்வம் ரோதை முனி. தென்னிந்தியாவிலிருந்து வந்த மக்கள், தாம் கொணர்ந்த முனி வழிபாட்டைப் புதிய தொழிலோடு இணைத்துக் கொண்டமைக்கு இப்பெயரே சான்றாகும்.

குடிசன மதிப்பீட்டில் இவையனைத்தும் 'இந்து' என்னும் ஒரு சொல்லுள் அடங்கிவிடுகின்றன. கணக்கெடுப்புக்கு அச்சொல் போதும். அயலாரை அறிந்துகொள்வதற்கு அது போதாது. ஒருவருடைய சமயத்தை அறிய விழைவோர், அவர் தம்மை எப்பெயரால் அழைக்கின்றார் என்பதையும், இடுக்கண் வந்தவிடத்து எப்பெயரைச் சொல்லி வேண்டுகின்றார் என்பதையும் செவிமடுத்தல் வேண்டும். பல சமயத்தார் கூடிவாழும் நாட்டில் நல்லுறவு அங்கிருந்தே தொடங்கும்.